கூடாரத்துக்கு வீட்டுச் சாமான்: மூட்டை கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலிலோ ஏலகிரியிலோ தனியார் தோட்டம் ஒன்றில் இரண்டு இரவுகள் தங்குவதற்கு, கூடாரத்தைத் தவிர வேறு எதையும் பெரிதாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பாய், ஜமக்காளம், கம்பளி, தூக்குவாளி, தார்ப்பாய், கொடிக்கயிறு ஆகிய அனைத்தும் பெரும்பாலான வீடுகளில் கிடக்கின்றன. ஆனால் இந்தச் சாமான்கள் வீட்டில் நன்றாக உழைப்பதற்குக் காரணம், அவற்றின் வேலையில் பாதியைச் சுவரும் கூரையும் சிமெண்டுத் தரையும் பார்த்துக்கொள்வதுதான் என்பதை மறந்துவிட்டே நாம் மூட்டை கட்டுகிறோம்.

படுக்கையில்தான் இந்த மறதி முதலில் தெரியவரும். குளிருக்கு அஞ்சி மூன்று போர்வைகளை எடுத்து வைப்பவர்கள், கீழே விரிக்க ஒரே ஒரு கோரைப்பாயோடு கிளம்பிவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது; கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் ஈரமும் குளிர்ச்சியும் ஏறிய மண், உடம்பின் சூட்டைக் கீழ்ப்பக்கமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிட்டுப் போவது இதனால்தான். மேலே ஒன்றைக் குறைத்துக் கீழே ஒன்றைக் கூட்டுவதே சரியான கணக்கு. பாயின் மேல் பழைய செய்தித்தாள்களைச் சில அடுக்குகளாகப் பரப்பி, அதன் மேல் ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால், அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்று சூட்டைக் காக்கும். பருத்திப் போர்வை நனைந்தால் கதகதப்பை இழந்துவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு தாங்கும். ஆகவே ஒரே ஒரு போர்வைக்குத்தான் பையில் இடம் என்றால், முரட்டுக் கம்பளியே அந்த இடத்துக்கு உரியது. பகலில் வியர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே படுத்துவிடாமல், உறங்குவதற்கென்று ஒரு உலர்ந்த உடுப்பைத் தனியே கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

தார்ப்பாயைப் பொறுத்தவரை, பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணுவது தவறு. ஏலகிரியில் ஒருமுறை, சேறு ஒட்டக்கூடாதே என்று கூடாரத்தின் அடியில் நான்கு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி தார்ப்பாயை விரித்துவிட்டு, அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பெருமையும் பேசிக்கொண்டு நான் படுத்தேன். நள்ளிரவு மழையில் கூடாரத் துணியிலிருந்து வழிந்த நீர் அந்த நீட்டத்தில் தேங்கி, தாம்பாளத்தில் ஊற்றியது போல எங்கள் அடியிலேயே வந்து நின்றது. அடியில் போடும் விரிப்பு கூடாரத்தின் தரையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் ஓரங்களை உள்பக்கமாக மடித்துவிட வேண்டும். மழைக்குப் பயந்து காற்றுவழிகளையெல்லாம் மூடிவிடுவதும் இதற்கு இணையான பிழைதான். மூச்சில் வெளியேறும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளிகளாகி, விடியும் முன் போர்வையின் மேல் சொட்டத் தொடங்கும்.

அடுப்பு விஷயத்தில் தவறினால் உயிரே போகலாம். வீட்டில் சும்மா இருக்கும் சிறு சிலிண்டரை ரயிலில் எடுத்துச் சென்றுவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், லக்னோவிலிருந்து பயணிகள் மறைத்துக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தனர். எரிபொருளை மலையில் வாங்கிக்கொள்ளலாம். அல்லது தோட்டக்காரரிடம் அடுப்புக்கு ஏற்பாடு கேட்கலாம். குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பவர்களும் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது; உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். கொசுவத்திச் சுருளும் நைலான் தரைக்கு ஆகாது. வெயில் சாயும் முன்பே ஜிப்பை இழுத்து மூடிவிட்டாலே கொசு பெரும்பாலும் வராது.

சமையலுக்குப் பாத்திரத்தின் கனத்தைப் பார்த்து எல்லோரும் முதலில் கழித்துக்கட்டுவது குக்கரைத்தான். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், பருப்பு சொன்னபடி கேட்காது. மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, சுமந்த கனத்துக்கு ஈடாக எரிபொருளை மிச்சப்படுத்தித் தரும். அது வேண்டாம் என்றால் வறுத்த ரவை, அவல், புளிக்காய்ச்சல் என்று எளிதில் ஆகிற உணவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மிச்ச உணவையும் பழங்களையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கக்கூடாது. குரங்கு, பன்றி மட்டுமல்ல, அந்தப் பக்கம் காட்டெருமையும் உலவும். உணவுப் பொருள்களை எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக மூடி, காரிலோ தோட்டத்துக் கட்டடத்திலோ வைத்துவிட வேண்டும்.

துணிமணிகளைக் கடைப் பைகளில் திணித்து எடுத்துச் செல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது; மலைகளில் சோதனையும் கடுமை. காலியான அரிசிச் சாக்கைக் கழுவிக் காயவைத்து, உள்ளே பழைய மழைக்கோட்டை விரித்துத் துணிகளை வைத்தால் ஈரம் உள்ளே எளிதில் இறங்காது.

எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாகவே மொட்டை மாடியில் ஓர் இரவு கூடாரத்தைப் போட்டுப் பார்ப்பதைப் பலர் வெட்கத்தாலோ சோம்பலாலோ தவிர்த்துவிடுகிறார்கள். மாடியில் முளை அடிக்க முடியாது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் கயிற்றைக் கட்டினால் போதும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, உள்ளே போய் டார்ச் வெளிச்சத்தில் தையல்களைப் பார்த்தால், எந்த இடத்தில் ஒழுகும் என்பது தெரிந்துவிடும்.