எல்லோரும் கைகோர்த்த பிறகு: கனவுலகம் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கைப் பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கும்போது மட்டக்களப்பிலிருந்தும் கல்முனைப் பக்கமிருந்தும் நாடகப் பிரதிகள் என் கைக்கு வரும். ‘ஒருக்காப் பார்த்துத் தாங்க சேர்’ என்பார்கள். பாதிக்கு மேல் ஒரே பொருள்தான்: போர் இல்லாத, சாதி இல்லாத, பசி இல்லாத நாளைய உலகம். அப்படி எழுத ஆசைப்படுவது நல்லதுதான். ஆனால் நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது மேடையேற்றிச் சலித்த பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன. நீள வசனம், எழுத்துப்பிழை போன்றவற்றை உங்கள் ஆசிரியரே திருத்துவார். நான் மற்றவற்றைச் சொல்கிறேன்.

வாவியும் நிலவும்

வேண்டாம். மட்டக்களப்பைப் புகழ்ந்து ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று தொடங்கும் பிரதியை நான் இரண்டாம் பக்கத்திலிருந்துதான் வாசிக்கிறேன்.

கடைசி ஐந்து நிமிடத்தில் விடிகிற உலகம்

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மற்றதெல்லாம் ஒத்திகையில் சரிசெய்யலாம். இது இருந்தால் பிரதியையே திரும்ப எழுத வேண்டும்.

அமைப்பு உங்களுக்குத் தெரியும். நாடகத்தின் பெரும்பகுதி அழுகை, அடிதடி, வீடெரிப்பு. அப்புறம் ஒரு சிறுமி நடுவே ஓடிவந்து ‘நிறுத்துங்கள்!’ என்பாள். எல்லோரும் தலைகுனிந்து கைகோர்ப்பார்கள். மெழுகுதிரி, பாட்டு, திரை. 2002 போர்நிறுத்தக் காலத்திலும் 2004 கடற்கோளுக்குப் பிறகும் இந்தப் பக்கம் வந்த உதவிப் பணத்தில் இப்படி எத்தனையோ நாடகங்கள் போடப்பட்டன. அந்தக் கைகோர்ப்பு, பார்க்க வந்த சனத்துக்காக அல்ல, பணம் கொடுத்தவர்களின் அறிக்கையில் போடும் படத்துக்காக என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். பணம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. காட்சி மட்டும் நிற்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கோயில் வீதியில் இளைஞர் குழுவொன்றின் நாடகம் பார்த்தேன். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், இரண்டுக்கும் ஒரே குளம், ஒரே வட்டை (வயல்வெளி). சிறுபோகத்தில் தண்ணீர் குறைகிறது. யாருடைய வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்ற தகராறு வெட்டுக்குத்து வரை போகிறது. நல்ல பொருள், பையன்களும் நன்றாகவே நடித்தார்கள். கடைசியில் வழக்கம்போலக் கட்டிப்பிடித்தார்கள், பாடினார்கள். கைதட்டல் அடங்கியதும் முன்னால் பாயில் இருந்த ஒரு மூதாட்டி கேட்டார்: ‘மறுகா என்ன மனே நடந்த? தண்ணி ஆருக்கு முதல்ல பாஞ்ச?’

‘அதான் சமாதானமாயிட்டமே அம்மம்மா’ என்று சிரித்தான் பையன்.

‘அது சரி. தண்ணி?’

பிரதியில் அதற்குப் பதில் இல்லை. தண்ணீர் முறைக்காக ஆயுள் முழுக்க வரம்பில் காத்து நின்ற மனுசியிடம் போய், கட்டிப்பிடித்தால் எல்லாம் தீர்ந்தது என்றால் எப்படி நம்புவார்? ஏமாந்த சனம் அடுத்த நாடகத்துக்கு வராது. அதைவிடக் கேடு, ஒற்றுமை என்பது மேடையில் மட்டும் பேசுகிற விசயம் என்று முடிவுகட்டிவிடும். நம்பிக்கை கொடுக்கப் போய், இருந்ததையும் கெடுத்துவிட்டு வருவீர்கள்.

அந்தக் குழுவிடம் நான் சொன்னது இதுதான்: கட்டிப்பிடிக்கிற காட்சியைத் தூக்கி நாடகத்தின் தொடக்கத்தில் போடுங்கள். மிச்ச நேரம் முழுக்க அந்த உடன்பாட்டைக் காப்பாற்றுகிற பாடுதான். தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை எந்த ஊர்க்காரர்? போகத்துக்குப் போகம் மாற்றுவதா? இரவில் ஒருவன் கள்ளமாக வாய்க்காலை வெட்டினால் அவனுடைய ஊரே அவனுக்குத் தண்டம் போடுமா? நோன்பு நாளில் முறை வந்தால் யார் மாற்றிக்கொள்வது, அம்மன் சடங்கு நாளில் வந்தால் யார்? சண்டையும் அங்கேதான், சிரிப்பும் அங்கேதான். புது உலகம் எப்படி இருக்கும் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

மணிமேகலையைப் பாருங்கள். அமுதசுரபி வற்றாமல் சோறு தருகிறது. சாத்தனார் அந்த அற்புதத்தோடு நின்றுவிடவில்லை. அவள் சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிடுகிறாள். என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டதும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொல்கிறாள். ஊருக்கு நடுவே இருக்கிற ஒரு கட்டடம், அதற்கு இனி வேறு வேலை. இவ்வளவு துல்லியமாக ஒன்றைக் கேட்கிற பாத்திரம் உங்கள் பிரதியில் இருக்கிறதா? ஜெர்மன் சிந்தனையாளர் ஏர்ன்ஸ்ட் புளொக், அமெரிக்காவில் அகதியாக இருந்த காலத்தில் நம்பிக்கையைப் பற்றி மூன்று தொகுதி அளவுக்கு எழுதியவர். மாயக்கதை, சினிமா என்று எதையும் தள்ளாமல் கனவுகளைத் தேடிய அவரும்கூட, வெறும் ஆசையையும் இன்றைய நடப்பிலிருந்து எழுகிற கனவையும் ஒன்றாகப் பார்க்கவில்லை.

‘விடியும், மலரும், பிறக்கும்’

பாரதி ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று பாடினார். அவர் இறந்தது 1921இல், இந்தியா விடுதலை பெற்றது 1947இல். வரும் என்று சொல்லவில்லை, வந்துவிட்டது என்றே பள்ளுப் பாடி ஆடினார். உங்கள் பாத்திரங்களும் அந்த உலகத்துக்குள் இருந்து பேசட்டும்.

துன்பமே இல்லாத நாடு

‘வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்’ என்று கோசல நாட்டைப் பாடுகிறார் கம்பர். வறியவர் இல்லாததால் கொடைக்கே அங்கு வேலையில்லை. பாட்டாக அபாரம். நாடகமாக்கினால் சனம் எழும்பிப் போய்விடும். கம்பரே கூனியைக் கொண்டுவந்துதானே கதையை நகர்த்தினார்?

வேலிக்கு வெளியே யார்?

ஆங்கிலேயரான தோமஸ் மோர் 1516இல் ‘யுட்டோப்பியா’ நூலில் கற்பனை செய்த தீவில் நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை. பொன்னில் மலசலப் பாத்திரம் செய்வார்கள். அதே தீவில் அடிமைகளும் உண்டு, ஆடுமாடு அறுக்கும் வேலை அவர்களுக்கு. மோர் அதை மறைக்கவாவது இல்லை. நம் பிரதிகளில் எல்லோரும் சமம் என்று அறிவித்துவிட்டு, மலக்குழி அள்ளுகிறவரை மேடைக்கே கொண்டுவராமல் விட்டுவிடுகிறார்கள். 2018இல் வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தில், வெளியே எங்கள் ஆட்கள் வதைபடும்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று, வளத்தை மறைத்து ஒதுங்கி வாழும் கற்பனை ஆபிரிக்க நாடான வக்காண்டாவைப் பார்த்துக் கேட்பவன் வில்லன். படத்தில் நியாயமான கேள்வி அவனுடையதுதான். உங்கள் ஊரைப் பார்த்துக் கேட்க ஓர் ஆளை எழுதுங்கள்.

அந்தக் காலம் பொற்காலம்

யாருக்கு?

பறக்கும் கார்

வருடம் 2100. வானத்தில் கார் பறக்கிறது, கீழே அம்மா தேநீர் ஊற்றுகிறார். வங்காளத்து ரொக்கேயா 1905இல், சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில், பெண்கள் ஆளும் நாட்டைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதிலும் பறக்கும் வண்டி உண்டு. ஆனால் அது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே ஆண்களை வீட்டுக்குள் வைத்து, சமையலைச் சூரிய வெப்பத்துக்கு மாற்றிவிடுகிறார்.

வெள்ளைப் புறா

அட்டையிலும் வேண்டாம், உயிரோடும் வேண்டாம். உயிர்ப்புறா மண்டபக் கூரைக்குள் ஏறிக்கொண்டால் அடுத்த பாடசாலையின் நாடகமும் கெடும்.