நள்ளிரவில் அலறிய கார் அலாரம், கோளாறு இருந்தது பானட் சுவிட்சில்

ஒரே வாரத்தில் மூன்று ராத்திரி, யாரும் தொடாமலே கார் அலாரம் அலறியது. எதிர் வீட்டில் கைக்குழந்தை, அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாகிவிட்டது. முதலில் பேட்டரி மேல்தான் சந்தேகம், ஏனென்றால் வோல்டேஜ் இறங்கினாலும் சில அலாரங்கள் தானாகக் கத்தும். காலையில் வண்டியை எடுக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட், நல்ல நிலைதான். அப்புறம் அதிர்வு சென்சாரின் திருகைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அன்றைக்கும் அலறல்.

அலறியது எல்லாமே மழை பெய்த ராத்திரிகள் என்பது அப்போதுதான் உறைத்தது. பானட்டைத் திறந்தால், விளிம்பில் பேனா மூடி அளவுக்கு ஒரு சுவிட்ச், பானட் மூடியிருக்கிறதா என்று அலாரத்துக்குச் சொல்வது அதுதான். ரப்பர் உறை கிழிந்து, உள்ளே துருப்பிடித்து, அமுக்கினால் பாதியிலேயே சிக்கி நின்றது. இணைப்பில் பச்சைப் பசேலென்று களிம்பு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு நாள் அமைதி, மறுபடி மழை, மறுபடி அலறல். சரி என்று புது சுவிட்சே மாட்டிவிட்டேன், ஒரே போல்ட், பத்து நிமிட வேலை. துரு ஏறியிருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் இரண்டு பெரிய மழை பெய்துவிட்டது, வண்டி சத்தமே போடவில்லை.