சீத்தா பூத்தும் காய்க்கவில்லையா? ஒரு பிரஷ் போதும்

மரம் நிறையப் பூ, காய் மட்டும் விரல்விட்டு எண்ணலாம். எங்கள் பாலாநகர் ரகச் சீத்தாவிலும் இதே கதைதான். உரம், தண்ணீர் எல்லாம் மாற்றியும் தீராத பிரச்சினை, கையால் மகரந்தம் வைத்ததும் தீர்ந்தது.

நடவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டடிக் குழி, தொழு உரம், தண்ணீர் தேங்காத இடம், செடிக்குச் செடி 4 முதல் 5 மீட்டர். விதைக்கன்று வேண்டாம், ஒட்டுச் செடியே வாங்குங்கள். இலை கொட்டி நிற்கும்போது கிளைகளை லேசாக வெட்டிக் கவாத்து செய்தால் புதுத் துளிரோடு பூவும் வரும்.

இனி முக்கியமான வேலை. சீத்தாப் பூ ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இரண்டும் உண்டு. ஆனால் பெண் பகுதி முந்திக்கொள்ளும். அது அடங்கிய பிறகுதான் மகரந்தம் உதிரும். அதனால் பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்வது அபூர்வம். தேனீயை நம்பியும் பயனில்லை, குட்டி வண்டுகள்தான் இந்த வேலையைச் செய்யும்.

1. விடிந்ததும் மரத்தடிக்குப் போங்கள். இதழ்கள் நன்றாக விரிந்த பூதான் ஆண் நிலை. சின்ன டப்பாவில் தட்டினால் மகரந்தத் தாள்கள் பொலபொலவென உதிரும்.

2. அடுத்து, இதழ் நுனி மட்டும் பிரிந்த பூவைத் தேடுங்கள். இதழை மெல்ல விலக்கினால் நடுமேடு ஈரமாகப் பளபளக்கும். அதுதான் பெண் நிலை. பளபளப்பு போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

3. மகரந்தம் தொட்ட பிரஷை அந்த மேட்டைச் சுற்றி முழுக்க ஓட்டுங்கள். பழத்தின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனிச் சூலகத்திலிருந்து வருவது. ஒரு பக்கம் விடுபட்டால் அந்தப் பக்கம் சூம்பி, காய் கோணலாகிவிடும். காதுகுடையும் பஞ்சுக்குச்சி வேண்டாம், மகரந்தத்தைப் பஞ்சே பிடித்துக்கொள்ளும். ஓவியம் வரையும் மெல்லிய முடி பிரஷ்தான் என் தேர்வு.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அனல் காற்றில் பெண் பகுதி காய்ந்துவிடும். அப்புறம், எட்டும் பூவுக்கெல்லாம் வைக்காதீர்கள். இளமரம் அத்தனை காயைத் தாங்காது.

பிற்சேர்க்கை: காய் பிடித்த பிறகு வெள்ளையாக மாவுப்பூச்சி அப்புகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். முதலில் எறும்பைத் தடுங்கள். அந்தப் பூச்சியைக் காத்து வளர்ப்பது அதுதான். தண்டைச் சுற்றி பாலிதீன் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயோடு கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். சிலர் சொல்வதுபோல் சீத்தா விதையை அரைத்துத் தெளிக்கப் போகாதீர்கள். அந்தத் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.