மாமான்ர உழவுக் கொப்பியை டேட்டாபேஸ் ஆக்குவம்: பைதன், எஸ்க்யூலைட், ஃபிளாஸ்க், அடியில இருந்து

புரட்டாதிக் கடைசியில துவங்கினா ஐப்பசி முடியுமட்டும் எங்கட பக்கம் உழவு மெசின் படுக்காது. மாமா கிளிநொச்சிப் பக்கத்துப் பரந்தனில இருந்து முரசுமோட்டை, கண்டாவளை எண்டு வயல் வயலா ஓடுவார், காசு அப்பவே குடுக்கிற ஆக்கள் குறைவு, "வெட்டினாப் பிறகு தாறன் அண்ணை" எண்டுதான் முக்கால்வாசிப் பேர் சொல்லுவினம், அதால எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில ஏறும். மாசியில நெல்லு வித்தாப் பிறகு அந்தக் கொப்பியைத் திறந்தா ஆர் எவ்வளவு தரோணும் எண்டு கண்டுபிடிக்க அரை நாள் போகும், மழைத்தண்ணி பட்ட பக்கத்தை வாசிக்க மற்ற அரை நாள். போன போகம் நான் அதை ஒரு சின்ன டேட்டாபேஸா மாத்தினன்: எழுதினது பைதன் எண்ட புரோகிராமிங் மொழியில, டேட்டாவை வைக்கிறது எஸ்க்யூலைட், அதைப் போன் பிரவுசருக்குக் குடுக்கிறது ஃபிளாஸ்க். எப்பிடி எண்டு இஞ்ச ஒண்டொண்டாச் சொல்லுறன், புரோகிராமிங் கொஞ்சம்தான் தெரியும் எண்டாலும் காணும்.

ஒரு விசயம் முதலே சொல்லிப்போடுறன். கோட்டை இஞ்ச தமிழ் எழுத்தில எழுதியிருக்கிறன். செலக்ட், இன்சேர்ட் மாதிரிக் கட்டளைச் சொல்லுகளை நீங்கள் ஆங்கிலத்தில அடியுங்கோ. டேபிளுக்கும் கொலத்துக்கும் (நிரலுக்கும்) வச்ச தமிழ்ப் பேரை அப்பிடியே தமிழில அடிக்கலாம், பைதன் 3உம் ஏற்கும் எஸ்க்யூலைட்டும் ஏற்கும். கொப்பி பேஸ்ட் பண்ண ஏலாது எண்டு கோவிக்காதேங்கோ, கையால அடிச்சாத்தான் மண்டையில நிக்கும்.

தேவையான சாமான்

ஒரு லப்டொப்பும் பைதன் 3உம். லப்டொப் இல்லாட்டி அன்ரொயிட் போனில டேர்மக்ஸ் (போனில கட்டளை அடிக்கிற அப்) போட்டும் செய்யலாம், நான் பாதி வேலை அப்பிடித்தான் செய்தன். எஸ்க்யூலைட் பைதனோடயே வருது, தனியா ஒண்டும் இறக்கத் தேவையில்லை, சேர்வர் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, முழு டேட்டாபேஸும் ஒரே ஒரு ஃபைல். ஃபிளாஸ்க் மட்டும் பிப் இன்ஸ்டோல் எண்டு ஒருக்கா இறக்கோணும், அதுக்குக் கொஞ்சம் டேட்டா போகும், அவ்வளவுதான்.

கொம்பியூட்டரைத் திறக்க முதல் கொப்பியைத் திறவுங்கோ

புதுசாப் படிக்கிற ஆக்கள் செய்யிற முதல் பிழை, கொப்பியில இருக்கிற மாதிரியே ஒரு பெரிய டேபிள் போடுறது: பேர், ஊர், போன், எத்தினை ஏக்கர், எவ்வளவு காசு, எப்ப தந்தவர். ஒரு ஆள் ரெண்டு தரம் உழுதா பேரும் போனும் ரெண்டு தரம் எழுதோணும், அவர் நம்பர் மாத்தினா எல்லா இடத்திலயும் மாத்தோணும், ஒரு இடம் விடுபட்டா எது சரியான நம்பர் எண்டு ஆருக்குத் தெரியும்? டேட்டாவை டேபிள் டேபிளாப் பிரிச்சு எண்ணால தொடுக்கிற யோசினை ஐபிஎம்மில வேலை செய்த எட்கர் கோட் 1970இல எழுதின கட்டுரையில இருந்து வந்தது, இண்டைக்கும் அதுதான் ஓடுது.

எங்களுக்கு மூண்டு டேபிள். ஆள் (ஆர் ஆர்), உழவு (என்ன வேலை செய்தம்), வரவு (என்ன காசு வந்தது).

ஆளை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது? பேரால ஏலாது, மாமான்ர கொப்பியில ஒரே பேரில மூண்டு பேர் இருக்கினம், "கிணத்தடி", "கடைக்காரர்", "மொட்டை" எண்டு பக்கத்தில பட்டம் (பட்டப்பேர்) எழுதி வச்சிருக்கிறார். அப்ப அடையாள அட்டை நம்பரை வைப்பமே எண்டு நானும் யோசிச்சன். அதுவும் சரிவராது. பழைய அட்டையில 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்த புது அட்டையில 12 இலக்கம், ஒரே ஆளுக்கு ரெண்டு வடிவமும் இருக்கலாம். இடம்பெயர்ந்த காலத்தில அட்டையைத் துலைச்ச ஆக்கள் எங்கட பக்கம் எத்தினை பேர். அதோட அந்த நம்பரில பிறந்த வருசமும் நாளும் கிடக்கு, உழவுக் கணக்குக்கு அது என்னத்துக்கு? அதால ஒவ்வொரு ஆளுக்கும் 1, 2, 3 எண்டு நாங்களே ஒரு எண் குடுக்கிறம், அதுதான் பிரைமரி கீ.

கிரியேட் டேபிள் ஆள் (எண் இன்டிஜர் பிரைமரி கீ, பேர் டெக்ஸ்ட் நொட் நல், பட்டம் டெக்ஸ்ட், ஊர் டெக்ஸ்ட், போன் டெக்ஸ்ட்)

கிரியேட் டேபிள் உழவு (எண் இன்டிஜர் பிரைமரி கீ, ஆள்எண் இன்டிஜர் நொட் நல் ரெஃபரன்சஸ் ஆள்(எண்), திகதி டெக்ஸ்ட், ஏக்கர் ரியல், தொகை இன்டிஜர் நொட் நல்)

கிரியேட் டேபிள் வரவு (எண் இன்டிஜர் பிரைமரி கீ, ஆள்எண் இன்டிஜர் நொட் நல் ரெஃபரன்சஸ் ஆள்(எண்), திகதி டெக்ஸ்ட், தொகை இன்டிஜர் நொட் நல்)

இன்டிஜர் எண்டா முழு எண், ரியல் எண்டா தசம எண், டெக்ஸ்ட் எண்டா எழுத்து, நொட் நல் எண்டா வெறுமையா விட ஏலாது. போன் நம்பரை ஏன் டெக்ஸ்ட் ஆக்கினன்? இன்டிஜர் எண்டு போட்டா 077இல இருக்கிற முன் சைபர் பறந்திடும். திகதியை 2024-10-15 எண்டு வருசம் முன்னுக்கு வரத்தான் எழுதோணும், 15/10/2024 எண்டு எழுதினா வரிசைப்படுத்தேக்க தலைகீழாக் குழம்பும். காசை முழு ரூபாயா இன்டிஜரில வையுங்கோ. பைதனில 0.1 + 0.2 எண்டு அடிச்சுப் பாருங்கோ, 0.30000000000000004 எண்டு வரும், அந்த வாலை மாமாவுக்கு விளங்கப்படுத்த என்னால ஏலாது. ஏக்கருக்கு மட்டும் ரியல், அரை கால் எண்டு வரும்தானே. (யாழ்ப்பாணத்துப் பெடியள் பரப்பில கணக்குப் பார்ப்பினம், 16 பரப்பு ஒரு ஏக்கர், மாத்திக்கொள்ளுங்கோ.)

பைதனால திறக்கிறது

இம்போர்ட் எஸ்க்யூலைட்3 எண்டு துவங்கி, தொடர்பு = எஸ்க்யூலைட்3.கனெக்ட்("உழவு.டிபி") எண்டு அடிச்சா ஃபைல் இல்லாட்டிலும் தானே உருவாக்கும். பிறகு தொடர்பு.எக்ஸிக்யூட்(...) க்குள்ள மேல இருக்கிற மூண்டு கட்டளையையும் ஒண்டொண்டாக் குடுங்கோ.

இஞ்ச ரெண்டு குழி இருக்கு, ரெண்டிலயும் நான் விழுந்தனான். முதலாவது, ரெஃபரன்சஸ் (அந்த எண் ஆள் டேபிளில இருக்கோணும்) எண்டு எழுதினாலும் எஸ்க்யூலைட் அதைத் தானாப் பார்க்காது. 57ஆவது ஆளே இல்லாம 57க்கு உழவு எழுதினாலும் "சரி" எண்டு வாங்கி வைக்கும். கனெக்ட் பண்ணுற ஒவ்வொரு முறையும் பிரக்மா ஃபொரின்_கீஸ் = ஓன் எண்டு ஒரு வரி குடுக்கோணும், ஒருக்காக் குடுத்தாக் காணாது, ஒவ்வொரு தொடர்புக்கும் வேணும். ரெண்டாவது, எழுதினாப் பிறகு தொடர்பு.கொமிட்() எண்டு சொல்லாட்டி ஒண்டும் சேவ் ஆகாது. நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து நாப்பது ஆக்களை ஏத்திப்போட்டு கொமிட் இல்லாம மூடினன், அடுத்தநாள் காலமை திறந்தா டேபிள் வெறுமையாக் கிடந்தது. ஆனா இந்தக் கொமிட்டில ஒரு நன்மையும் இருக்கு, பாதியில கரண்ட் போனா அரைகுறையா எழுதுப்படாது, ஒண்டில் முழுக்க இருக்கும் இல்லாட்டி இல்லவே இல்லை.

ஆக்களைச் சேர்க்கிறது

சும்மா வசனத்தை ஒட்டி "இன்சேர்ட் இன்டு ஆள் ... '" + பேர் + "'" எண்டு எழுதத்தான் கை போகும், வேண்டாம். எங்களுக்கு மன்னாரில இருந்து வந்த ஒரு ஆள் இருக்கிறார், பேர் டி'குரூஸ் எண்டு முடியுது. அந்த நடுக்குறியை எஸ்க்யூலைட் "வசனம் முடிஞ்சுது" எண்டு நினைச்சு எரர் அடிச்சுது. இது சும்மா ஒரு பேர், வேணுமெண்டு ஒருத்தன் அந்த இடத்தில ட்ரொப் டேபிள் எண்டு எழுதி அனுப்பினா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. அதால பெறுமதி வாற இடத்தில கேள்விக்குறி போடுங்கோ:

தொடர்பு.எக்ஸிக்யூட்("இன்சேர்ட் இன்டு ஆள் (பேர், ஊர், போன்) வல்யூஸ் (?, ?, ?)", (பேர், ஊர், போன்))

கட்டளை வேற, பேர் வேற எண்டு பிரிஞ்சு போகும், பேருக்குள்ள என்ன குறி இருந்தாலும் அது பேர்தான். இதுக்கு விதிவிலக்கு இல்லை, உங்கட சொந்த லப்டொப்பில தனிய ஓடுற சாமான் எண்டாலும் இப்பிடித்தான் எழுதோணும்.

ஆர் எவ்வளவு தரோணும்?

இந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு பாடும், இதிலதான் நான் மானம் போனதும். எங்கட ஆள் ஒருத்தருக்கு 4 ஏக்கர் முதல் உழவு 32000, ரெண்டாம் உழவு 28000, மொத்தம் 60000 எண்டு வைப்பம். அவர் 10000, 5000, 20000 எண்டு மூண்டு தரம் தந்திட்டார், 35000. பாக்கி 25000, சின்னப் பிள்ளையும் சொல்லும். நான் மூண்டு டேபிளையும் ஜொயின் பண்ணி சம்(உழவு.தொகை) − சம்(வரவு.தொகை) எண்டு கேட்டன், 110000 எண்டு வந்தது. மாமா அந்த மனிசனுக்குக் கோல் எடுத்து, அந்த மனிசன் என்ர கதையைக் கேட்டு, பிறகு நடந்ததை இஞ்ச எழுதேல்ல.

என்ன நடந்தது எண்டா, ஜொயின் ஒவ்வொரு உழவையும் ஒவ்வொரு வரவோடயும் சோடி சேர்க்கும். 2 உழவு, 3 வரவு, 6 வரி. அப்ப உழவுக் காசு ஒவ்வொண்டும் மூண்டு தரம் கூட்டுப்படும், 180000. வரவு ஒவ்வொண்டும் ரெண்டு தரம், 70000. கழிச்சா 110000. எரர் ஒண்டும் வராது, அதுதான் பயம். ஒருக்கா உழுது ஒருக்காக் காசு தந்த ஆளை வச்சு நீங்கள் டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியாத்தான் காட்டும், அதால ரெண்டும் மூண்டும் இருக்கிற ஆளை வச்சுத்தான் பாக்கோணும்.

சரியான வழி, ரெண்டையும் தனித்தனியாக் கூட்டிப்போட்டுப் பிறகு கழிக்கிறது:

செலக்ட் எண், பேர், (செலக்ட் கோலெஸ்(சம்(தொகை), 0) ஃபிரொம் உழவு வெயர் ஆள்எண் = ஆள்.எண்) − (செலக்ட் கோலெஸ்(சம்(தொகை), 0) ஃபிரொம் வரவு வெயர் ஆள்எண் = ஆள்.எண்) அஸ் பாக்கி ஃபிரொம் ஆள்

(கழித்தல் குறியை கீபோட்டில இருக்கிற சின்னக் கோடாவே அடியுங்கோ.) அந்தக் கோலெஸ் என்னத்துக்கு? ஒரு சதமும் தராத ஆளுக்கு வரவு டேபிளில வரியே இருக்காது, அப்ப சம் (கூட்டுத்தொகை) சைபர் தராது, நல் தரும், அதாவது வெறுமை. 60000இல இருந்து நல்லைக் கழிச்சா விடையும் நல், திரையில வெறும் இடம். அதாவது ஒண்டுமே தராதவர்தான் கடன் இல்லாத ஆள் மாதிரி நிப்பார். கோலெஸ் அந்த நல்லை 0 ஆக்கும்.

பேரை அகர வரிசையில எடுக்க ஓடர் பை பேர் போடலாம், ஆனா யூனிகோட் எண் வரிசையிலதான் அடுக்கும், அதில ன வந்து ந-வுக்கு அடுத்ததா ப-வுக்கு முன்னுக்கே நிக்கும், எங்கட நெடுங்கணக்கு மாதிரி இராது. மாமா கவனிக்கேல்ல, நானும் சொல்லேல்ல.

இப்ப வெப் சேர்விஸ்

மாமா வயலில, லப்டொப் வீட்டில. அவற்ற போனில இருந்து பாக்கியைப் பார்க்கோணும், அதுக்குத்தான் ஃபிளாஸ்க். மூண்டு வாசல் (லிங்க்) காணும்: ஆக்களின்ர பட்டியல் தாறது (கெட்), புது உழவு எழுதுறது (போஸ்ட்), ஒரு ஆளின்ர பாக்கி தாறது (கெட்). பார்க்கிறதுக்கு மட்டும் கெட், எழுதுறதுக்கு போஸ்ட், இதை மாத்தாதேங்கோ, கெட் லிங்கை பிரவுசர் தானாத் திருப்பி எடுக்கும், அப்ப ஒரே உழவு ரெண்டு தரம் ஏறும். வாசல் பேரைத் தமிழில வச்சாலும் ஓடும், ஆனா லிங்கை கொப்பி பண்ணி வாட்ஸப்பில அனுப்பேக்க சதவீதக் குறியாப் போய் முழ நீளத்துக்கு வரும், அதை மட்டும் ஆங்கிலத்தில வையுங்கோ.

ஒவ்வொரு ஃபங்சனுக்குள்ளயும் டேட்டாபேஸைத் திறந்து, பிரக்மா வரியைக் குடுத்து, வேலை முடிச்சு, மூடுங்கோ. மேல ஒருக்காத் திறந்து எல்லாருக்கும் அதையே குடுப்பம் எண்டு நினைச்சா, வேற த்ரெட்டில (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற இன்னொரு வேலையில) திறந்ததை இஞ்ச பாவிக்க ஏலாது எண்டு எஸ்க்யூலைட் எரர் தரும். ஆள் இல்லாட்டி 404, தொகை எழுத மறந்தா 400, சரியா எழுதுப்பட்டா 201 எண்டு வெப்பில வழக்கமான விடை எண்ணைத் திருப்பிக் குடுங்கோ.

விடை ஜேசனாப் (புரோகிராமுகள் தங்களுக்குள்ள டேட்டா மாத்திக்கொள்ளுற எழுத்து வடிவம்) போகும். முதல் தரம் பார்க்கேக்க பேர் இருக்கிற இடமெல்லாம் சாய்கோடும் இலக்கமுமாக் கிடக்கும், டேட்டா பழுதாப் போச்சு எண்டு பயப்பிடாதேங்கோ. தமிழை அப்பிடிக் குறியீடா மாத்தி அனுப்புறது ஃபிளாஸ்க்கின்ர பழக்கம். அப்.ஜேசன்.என்ஷூர்_அஸ்கி = ஃபோல்ஸ் எண்டு ஒரு வரி போட்டா (அப் எண்டது நீங்கள் உருவாக்கின ஃபிளாஸ்க்கின்ர பேர்) தமிழாவே வரும் (ஃபிளாஸ்க் 2.2இல இருந்து).

கடைசியா அப்.ரன்(ஹோஸ்ட்="0.0.0.0"). ஹோஸ்ட் குடுக்காட்டி அந்த லப்டொப்பில மட்டும்தான் தெரியும். இப்ப போனில ஹொட்ஸ்பொட் போட்டு லப்டொப்பை அதில இணைச்சு, லப்டொப்பின்ர ஐபி இலக்கத்தையும் பின்னால :5000 எண்டும் போன் பிரவுசரில அடிச்சா பாக்கி வரும். டேட்டா வெட்டாது, சிக்னல் இல்லாத இடத்திலயும் வேலை செய்யும், ஏனெண்டா ரெண்டும் தங்களுக்குள்ளதான் கதைக்குதுகள். அதுக்காக லப்டொப்பை மாமாவோட மெசினில ஏத்தி அனுப்பினன், பிறகு தூசிக்குப் பயந்து டேர்மக்ஸ் இருக்கிற பழைய போனிலயே முழுதையும் ஓட விட்டன். டீபக் = ட்ரூ எண்டு மட்டும் விட்டிட்டுத் திறந்து வைக்காதேங்கோ, அது எரர் வாற பக்கத்திலயே கோட் ஓட்டுற வசதி, பின் நம்பர் கேட்கும்தான், எண்டாலும் வேண்டாத வேலை.

பக்கப் எடுக்க ஃபைலை அப்பிடியே கொப்பி பண்ணலாம், ஆனா ஆரும் எழுதிக்கொண்டிருக்கேக்க எடுத்தா பழுதாப் போகலாம், தொடர்பு.பக்கப்(மற்றத்தொடர்பு) எண்டு பைதன் 3.7இல இருந்து இருக்கு, அதைப் பாவியுங்கோ. நான் கிழமைக்கு ஒருக்கா அந்தப் பிரதியை மெமரி கார்டில போட்டு மாமியின்ர கையில குடுக்கிறன், அவ அதைக் காணி உறுதி வச்சிருக்கிற தகரப் பெட்டிக்குள்ள போடுறா, சீஆர் கொப்பிக்கு மேல.