வயிற்றில் பையுடன் வாழ்பவருக்கு அரிதாக வரும் சிக்கல்கள்: வீட்டார் செய்ய வேண்டியவை

குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் மலம் சேரும் பையுடன் வீடு திரும்புகிறவர்களுக்குக் கசிவும் தோல் எரிச்சலும் நாளடைவில் பழகிவிடும். அவற்றைவிட அரிதான, நேரம் கடத்தக் கூடாத சிக்கல்களை வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். தொண்டியிலோ மண்டபத்திலோ இருப்பவர் ராமநாதபுரம் மருத்துவமனைக்கு வந்து சேரவே நேரமாகும்.

பை மாற்றும்போதெல்லாம் முதலில் ஸ்டோமா எனப்படும் குடல்வாயின், அதாவது மலம் வெளியேற வயிற்றின் மேல் திறந்துவைத்த குடல் முனையின், நிறத்தைப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் போல ஈரமாகவும் சிவப்பாகவும் இருந்தால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது. துடைக்கும்போது துளி இரத்தம் கசிவதும் இயல்புதான். அடர் ஊதாவாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்படுங்கள். மஞ்சள் விளக்கில் நிறம் ஏமாற்றிவிடும் என்பதால், அப்பாவுக்குப் பை மாற்றும்போது நான் சன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பேன்.

வலை இழுப்பது, குடம் தூக்குவது, தொடர்ந்து இருமுவது ஆகியவற்றால் வயிற்றில் அழுத்தம் கூடி, சிலருக்குக் குடல் வழக்கத்தைவிட நீளமாக வெளியே சரிந்துவிடும். பதறாமல் அவரை மல்லாக்கப் படுக்க வையுங்கள். குடல் சிவப்பாகவே இருந்தால், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பையைக் கழற்றி, சாதாரணச் சீனியைக் குடல் மறையுமளவு தூவி சுமார் 20 நிமிடம் விடலாம். வீங்கிய திசுவிலுள்ள நீரைச் சீனி வெளியே இழுப்பதால் வீக்கம் வற்றி, குடல் தானாக உள்ளே போக வாய்ப்புண்டு. கையால் வலிந்து தள்ளவே கூடாது. நிறம் கருத்தாலோ, மலம் நின்று வாந்தி வந்தாலோ சீனியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். குடல் மீண்டும் சரியக்கூடியவர்களுக்குப் பையின் துளையைச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். இறுகிய விளிம்பு குடலை அறுத்துவிடும்.

கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்குக் குடல்வாயைச் சுற்றிய இரத்தக் குழாய்கள் புடைத்து, திடீரென இரத்தம் கொட்டலாம். ஈரமான சுத்தத் துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே 108-ஐ அழையுங்கள்.

குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு, குடல்வாயைச் சுற்றி ஊதா விளிம்புடன் தாங்கமுடியாத வலி தரும் புண் வேகமாகப் பரவினால் அதைச் சாதாரணத் தோல் புண்ணாக எண்ணிவிடாதீர்கள். சுரண்டினாலோ வெட்டினாலோ அது பெருகும். பழைய நோயை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாற்றுப் பை இரண்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, குடல்வாய் நல்ல நிறத்தில் இருந்தபோது எடுத்த ஒரு படம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே தொங்கவிட்டு வையுங்கள்.