இத்தாலிக்குக் காரில் போகிறீர்களா? அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் பலரும் முதல் கோடையிலேயே வாடகைக் கார் எடுத்து நாலு நாடு சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். மூனிக்கில் ஆரம்பித்து இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய், வெரோனா, டஸ்கனி, திரும்பும்போது மிலான், சுவிட்சர்லாந்து. எட்டு நாள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, ரயில் மாறி மாறி ஏறி இறங்க முடியாது என்பதால்தான் காரே எடுத்தோம்.

முதலில் காகித வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் நம்ம ஊர் லைசென்ஸ் செல்லும், அதற்கு மேல் ஓட்டினால் அது கிரிமினல் குற்றம். அந்த ஆறு மாதத்திலும் மொழிபெயர்ப்போ சர்வதேசப் பெர்மிட்டோ கூட வேண்டும். எந்தெந்த நாட்டுக்குள் போவீர்கள் என்று கார் எடுக்கும்போதே சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் திரும்பும்போது சோதனை உண்டு. டோல் விஷயத்தில் நம்ம ஃபாஸ்டேக் மாதிரி ஒரே ஸ்டிக்கரில் எல்லாம் முடியாது. ஆஸ்திரியாவுக்கு நாள் கணக்கில் விக்னெட் என்ற நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, அது இருந்தாலும் பிரென்னர் நெடுஞ்சாலைக்குத் தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் போனாலும் வருடத்துக்கான 40 பிராங்கைக் கட்டித்தான் ஆக வேண்டும், இல்லாமல் மாட்டினால் 200 பிராங்க் அபராதம். இத்தாலியில் பெரும்பாலான இடங்களில் சீட்டு எடுத்து, வெளியேறும்போது காசு.

இதையெல்லாம் ஒன்று விடாமல் சரியாகச் செய்தோம். அடிபட்டது வேறு இடத்தில்.

டஸ்கனியில் ஒரு பழைய ஊர். மதிலுக்குள்ளே, கார் ஒன்று போனால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய தெருவில் ஹோட்டல். அப்பா நடக்க வேண்டாம், வாசலிலேயே இறக்கிவிடலாம் என்று ஜி.பி.எஸ். காட்டிய வழியில் போனேன். தெரு முனையில் வெள்ளை நடுவும் சிவப்பு வளையமுமாக ஒரு பலகை, பக்கத்தில் மின்னெழுத்தில் 'வார்க்கோ அத்திவோ'. வார்க்கோ என்றால் நுழைவாயில், அத்திவோ என்றால் ஆக்டிவ், அப்படியானால் வழி திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அர்த்தம் நேர் எதிர். கேமரா வேலை செய்கிறது, அனுமதி இல்லாதவர் நுழையாதே என்பதுதான் அது. 'வார்க்கோ நோன் அத்திவோ' என்று இருந்தால்தான் போகலாம். வெளியூர்க்காரர்கள் இத்தனை பேர் வந்து போகும் இடத்தில் இதை நேராக எழுதி வைத்தால் என்ன? இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

இந்தப் பகுதிக்குப் பெயர் இசட்.டி.எல்., அதாவது போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட இடம். புளோரன்ஸ், பைசா, சியென்னா, ரோம், பொலோன்யா என்று பழைய நகரம் உள்ள ஊரெல்லாம் உண்டு. ஊரில் வழி தவறினால் டீக்கடையில் கேட்டு ஒரு ரவுண்டு அடித்து வருவோம், போலீஸ் பிடித்தால் அங்கேயே பேசிக்கொள்வோம். இங்கே யாரும் நிறுத்தவே மாட்டார்கள். ஒருவழித் தெரு என்பதால் ஹோட்டல் வாசலைத் தவறவிட்டு மறுபடி இரண்டு சுற்று சுற்றினேன். கேமராவைத் தாண்டிய ஒவ்வொரு தடவைக்கும் எனக்கு ஒரு தனி அபராதம் விழுந்தது.

மூனிக் திரும்பி ஆறு வாரம் கழித்து கார் கம்பெனி என் கார்டில் 45 யூரோவை மூன்று தடவை எடுத்திருந்தது. அது அபராதம் இல்லை, என் முகவரியை இத்தாலி அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கான கூலி. அபராதக் கடிதங்கள் அதற்கும் பல மாதம் கழித்து வந்தன. வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. தபால் செலவோடு ஒவ்வொன்றும் நூறு யூரோவை ஒட்டி வந்தது. கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். ஆபீஸ் நண்பரிடம் காட்டிக் கேட்கலாம் என்று மேஜையில் வைத்தேன், அதுவும் போனது.

அதனால் இதை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். அறை பதிவு செய்யும் முன்பே ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள்: நீங்கள் இசட்.டி.எல்.லுக்குள் இருக்கிறீர்களா, கார் எண்ணைப் பதிவு செய்து தருவீர்களா? பல ஹோட்டல்கள் செய்து தருவார்கள், ஆனால் கேட்டால்தான். வாடகைக் காரின் எண் கையில் சாவி வந்த பிறகுதான் தெரியும் என்பதால், அந்த நிமிடமே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். அதைவிட நல்லது, காரை வெளியிலேயே விடுவது. புளோரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்டான்சா பார்க்கிங் இருக்கிறது, அங்கிருந்து டிராம் ஏறினால் நடு ஊர். சியென்னாவில் பார்க்கிங்கிலிருந்து மேலே ஊருக்குப் போக எஸ்கலேட்டரே வைத்திருக்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் அப்பாவை அதில்தான் ஏற்றியிருப்பேன்.

கடிதத்தில் இருந்த எண்ணை இணையத்தில் போட்டால் கேமரா எடுத்த படம் வந்தது. கறுப்பு வெள்ளை, நம்பர் பிளேட் தெளிவாக, மேலே நேரம். பின் கண்ணாடிக்குள்ளே ஒரு பை தெரிந்தது. பிரென்னர் தாண்டி ஓர் ஓய்விடத்தில் மலையைப் பார்த்தபடி சாப்பிட்டோமே, அந்தப் புளிசாத டப்பா இருந்த துணிக்கடைப் பை. அம்மா ஊருக்குத் திரும்பி அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு, படத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.