பழைய லீட் ஸ்க்ரூவிலும் துளைகள் சரியான இடத்தில் விழ

சிஎன்சி-க்கு (கணினிக் கட்டுப்பாட்டுக்கு) மாற்றிய மினி மில்லில் (சிறிய மில்லிங் மெஷினில்) துளை போடும்போது, ஒவ்வொரு துளைக்கும் ஒரே திசையிலிருந்து வந்து சேருங்கள். துளை எக்ஸ்40 ஒய்25-இல் என்றால், டிரில்லை மேலே தூக்கி வைத்து முதலில் 'ஜி0 எக்ஸ்39 ஒய்24', அப்புறம் 'ஜி0 எக்ஸ்40 ஒய்25' ('ஜி0' என்பது வெட்டாமல் வேகமாக நகரச் சொல்லும் கட்டளை). ஒரே ஒரு வரிதான் கூடுதல், பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும், தளர்வு குறைந்த ஸ்க்ரூ) வாங்கும் செலவு மிச்சம்.

டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் நடுவே இருக்கும் பேக்லாஷ் (தளர்வான இடைவெளி), திசை மாறும்போது மட்டுமே பிழையாக வெளிப்படும். கடைசி 1 மிமீ எப்போதும் ஒரே பக்கம் நகர்ந்தால் நட் ஸ்க்ரூவின் அதே முகத்தில்தான் போய் உட்காரும். துளைகளுக்கு இடையிலான தூரம் மாறாது. பூஜ்ஜியம் (அளவு தொடங்கும் புள்ளி) வைக்கும்போதும் அதே திசையில் வந்து நில்லுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பேக்லாஷ் 1 மிமீ-க்கு மேல் தேய்ந்திருந்தால் அந்த 1 மிமீ-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வட்டமோ பாக்கெட்டோ (குழியோ) மில்லிங் செய்ய இது உதவாது. அங்கே வெட்டிக்கொண்டே திசை மாறுகிறது. கட்டரும் டேபிளை இழுக்கும். கிப் (டேபிள் ஆடாமல் பிடிக்கும் பட்டை) தளர்ந்து டேபிள் ஆடினாலும் பயன் இல்லை, முதலில் கிப்பை இறுக்குங்கள்.